முதுகுக்காரிகளின் பெட்டிகள்

கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றே ஒரு பெட்டியில் இடித்துக்கொண்டேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. "பார்த்தும்மா, அது நகர்ந்திடப் போகுது" என்றார் என் கணவரின் அக்கா. என் நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் முதல் மரியாதை யாருக்கு என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோனது.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியோடேயே இருந்துவிட்டவர். பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் பழைய கேஸ் கட்டுகளை அடுக்கி வைக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கட்டு இடம் மாறினால் ஒருத்தர் வயிற்றுக்குப் பதில் இன்னொருத்தர் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று அடிக்கடி சொல்வார். வேலையை விட்ட பிறகும் அந்தப் பயம் அவரை விடவில்லை. என் சமையலறையில் சீட்டு ஒட்டாத டப்பா கிடையாது. ஒரு தடவை வேறு இடமில்லாமல் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்தேன். வீடே ரெண்டுபட்டது. "சீட்டு இல்லாமகூட இருக்கட்டும். தப்பான சீட்டோட எதையும் வைக்காதே" என்றார். அன்றைக்கு உப்பு டீயைக் குடித்த என் கணவர் மட்டும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

பெட்டிகள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சண்டை நடந்த வருஷங்களில் பெண்கள் சிலர் வாரம் ஒரு நாள் பெரிய அரசாங்க அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பார்கள். கோஷம் கிடையாது, மைக் கிடையாது. "ரெண்டு பேரும் நிறுத்துங்கள்" என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய கேட்டைப் பார்த்து வாயைத் திறக்காமல் நிற்பார்கள். அவ்வளவுதான். அந்த வரிசையில் படைக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மா இருப்பாள். அதே படையை எதிர்த்துப் போன பிள்ளையின் அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள். அதனால் ரெண்டு பக்கத்துக்கும் இவர்களைக் கண்டால் ஆகாது. முகம் தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வரும். ஆகவே தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். போட்டோ எடுப்பதென்றால் பின்னாலிருந்துதான் எடுக்க வேண்டும். முகம் விழுந்த படத்தை அங்கேயே கிழித்துவிட வேண்டும்.

ஊர் அவர்களுக்கு முதுகுக்காரிகள் என்று பெயர் வைத்தது. போரில் முதுகு காட்டுவது கேவலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஆண்கள் வைத்த பெயர். போருக்கு முதுகைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவதாம் என்று அவர்களில் ஒருத்தி திருப்பிக் கேட்டாளாம். அதற்கப்புறம் அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

சண்டை ஓய்ந்தது. அட்டைகளும் துணிப் பதாகைகளும் துண்டுப் பிரசுரங்களும் போட்டோக்களும் ஆளுக்கொரு வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒரு வீட்டில் பதாகையைக் கத்தரித்துத் தலையணை உறை தைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் பிரசுரக் கட்டை வைத்து மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அண்ணி தினமும் ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு வீடு வீடாகப் போய், கெஞ்சியும் சண்டை போட்டும் மிச்சத்தை வாங்கி வந்தார். அதுதான் எங்கள் முன்னறை முழுக்க உட்கார்ந்திருந்தது. மழை வந்தால் மற்ற வீடுகளில் கொடித் துணியை எடுக்க ஓடுவார்கள். எங்கள் வீட்டில் பெட்டியைப் பார்க்க ஓடுவோம். கரையான், எலி, ஈரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் என்று எதைப் பார்த்தாலும் அண்ணிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நிம்மதியாக ஒரு ஊருக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு வந்ததில்லை.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால் வருங்காலத்துக்கு என்பார். நாலு பேர் நாளைக்குத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்பார். அதுவும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முக்கால் உண்மை அவருடைய பீரோவில், புடவைகளுக்கு நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

அண்ணிக்கு மேலே இன்னொரு அக்கா இருந்தார். என் கணவருக்குப் பெரியக்கா. சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். முதுகுக்காரிகளின் வரிசையில் முதலில் போய் நின்றவர்களில் அவரும் ஒருவர். ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்துக்கென்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. என் மாமனார் அலைந்து திரிந்து பார்த்தார். பிறகு யாரோ வந்து, உங்கள் வீட்டில் வேறு யாரெல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மிச்சம் இருக்கிற ரெண்டு பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்த மனிதர் பெரிய பெண்ணின் படங்களையும் சர்டிபிகேட்டுகளையும் ஒன்று விடாமல் கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார். தொட்டிலில் எடுத்த படம்கூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணி அந்த வரிசையில் போய் நின்றார். அக்காவோடு சேர்ந்து ஒரு நாளும் நின்றதில்லை. பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கியபோது, அக்கா இருந்த காலத்துப் படம் ஒன்றே ஒன்று அவர் கைக்கு வந்தது. பின்பக்கம் ஸ்டுடியோக்காரர் மாதத்தையும் வருஷத்தையும் எழுதியிருந்தார். கேட்டைப் பார்த்து நிற்கும் பெண்களின் முதுகுகள். அதில் வலது ஓரத்தில் கடைசியாக ஒருத்தி. நல்ல உயரம், இடுப்பு வரைக்கும் தடித்த பின்னல், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் அதுதான் அக்கா என்று அண்ணி முடிவு செய்துவிட்டார். பள்ளிக்கூடப் பையை எப்போதும் இடது தோளில் மாட்டுவாளாம், தோள் இறங்காமல் என்ன செய்யும் என்பார்.

எனக்கு அது ஒரு முதுகு. ஆனால் அண்ணி வெளியே கிளம்பும்போதெல்லாம் பீரோவைத் திறந்து அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். கூட நின்ற பெண்கள் இன்னும் இருக்கிறார்களே, காட்டிக் கேட்டால் என்ன என்று நான் ஒரு தடவை வெகுளியாகச் சொன்னேன். தேள் கொட்டின மாதிரி திரும்பிப் பார்த்தார். கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா. அந்தப் பயம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

இந்த வருஷ மழையில் முன்னறைக் கூரை ஒழுகி, அடியில் இருந்த பெட்டி ஒன்று ஊறிவிட்டது. திறந்தால் பிரசுரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பூஞ்சை பிடித்து, தொட்டால் கையோடு வந்தன. அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை, அதனால் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மின்விசிறியைப் போட்டு ஒவ்வொரு தாளாக விரித்துக் காயவைத்தோம். "இனிமே என்னால இதைக் காப்பாத்த முடியாது. எனக்கு வயசாயிடுச்சு, வீட்டுக்கும் வயசாயிடுச்சு" என்றார். பொது நூலகத்தில் பழைய ஆவணங்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நூலகத்திலிருந்து ஒரு பொண்ணு வந்தாள். மெதுவான பேச்சு. கையுறை மாட்டிக்கொண்டு, பூஞ்சைத் தாளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. முன்னறையைக் காலி பண்ணிக் கொடுக்கப் போகிறவளை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் கிளம்பும் முன் அவள் ஒரு விஷயம் சொன்னாள்.

"படத்துல நிக்கிறவங்க யார் யாருன்னு எழுதியாகணும்மா. தெரிஞ்சவங்க இருக்கும்போதே எழுதிடணும். இப்ப விட்டுட்டா, அப்புறம் பார்க்கிறவங்களுக்கு இது வெறும் முதுகுதான்."

அண்ணி தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் வீட்டுக்கு வரவழைப்பது என்று பேசி முடித்தார்கள். பேர் வெளியே தெரிவதில் சம்மதமா என்று அவரவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பொண்ணு. செருப்பை மாட்டும்போது, "எல்லாப் படமும் இந்தப் பெட்டிகள்லயே இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"எல்லாம் வீட்டுலதான் இருக்கு" என்றார் அண்ணி.

பொய் இல்லை. ஆனால் அண்ணி இப்படி மென்று முழுங்கிப் பேசுகிற ஆள் இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். குழம்பில் புளி விட்டோமா என்று மறுபடி புளி விட்டார். வாசல் கதவைப் பூட்டிவிட்டு நாலெட்டு போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பீரோவில் இருந்த படம் ஒரு நாள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. அடுத்த நாள் என் துணி அலமாரியில், என் ரவிக்கைகளுக்கு அடியில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

"என்ன அண்ணி இது? என் ரவிக்கைக்கு நடுவுல இவங்க என்ன பண்றாங்க?"

"உன் அலமாரியை யாரும் திறக்க மாட்டாங்கன்னு வச்சேன்."

"நான் திறப்பேனே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "அவங்க வந்து பார்த்துட்டு, இது உன் அக்கா இல்லன்னு சொல்லிட்டா?" என்றார். "ஒரு வார்த்தைதான். சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

"அப்ப கொடுக்காதீங்க. பெட்டி பெட்டியா கொடுக்கறீங்க. ஒரு படம் குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்தார். என்ன ஏது என்று கேட்டுவிட்டு அவரும் அதையேதான் சொன்னார். "வச்சுக்கக்கா. உன்னை யாரு கேக்கப் போறா?"

"அக்கா நின்ன காலத்துப் படம் இது ஒண்ணுதான் இருக்கு. இதை எடுத்துட்டா அவங்க எல்லாரும் அப்ப நின்னதுக்கே அத்தாட்சி இல்லாமப் போயிடும்" என்றார் அண்ணி. "இதுல இன்னும் எத்தனை பேர் நிக்கிறாங்க. அவங்க வீட்டுலயும் தேடுவாங்கல்ல?"

சரி, கொடுங்கள் என்று சொன்னால் அதற்கும் முகம் வெளுத்துப்போகிறது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு முதுகைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் வாழ்ந்த மனுஷியை அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போகிறதோ என்ற பயம். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்குப் பாத்திரங்கள் எல்லாம் என்னிடம் நன்றாக அடி வாங்கின.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அழைத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. சிலருக்கு உடம்பு முடியவில்லை, சிலர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், ஒருத்தி, பேர் வெளியே வரவேண்டாம் என்று பயந்து சொல்லி அனுப்பினாள். வந்தவர்களில் மூன்று பேரைச் சொன்னால் போதும். எல்லாருக்கும் முன்னால் வந்து சுவரோரமாய்ச் சாய்ந்து உட்கார்ந்தவர் சிப்பாயம்மா. அவருடைய ஒரே மகன் அப்போது படையில் சிப்பாய். சண்டை முடிந்து முழுசாகத் திரும்பி வந்துவிட்டான். அடுத்து தபாலம்மா, சைக்கிளில் தபால் கொடுத்தவர், தெருமுனையில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மூன்றாவது குட்டி டீச்சர், பெரியக்காவோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர், என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார்.

அந்தப் பொண்ணு பாயை விரித்துப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அப்புறம் நடந்த கூத்தை நான் மறக்க மாட்டேன். உலகத்தில் எவளும் தன் முதுகைப் பார்த்ததில்லை. ஒரே முதுகைக் காட்டி மூன்று பேர் "இது நான்தான்" என்றார்கள். தனக்குப் பிடித்த முதுகாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

"இது நான். எனக்கு அப்ப இப்படித்தான் இடுப்பு" என்றார் தபாலம்மா.

"உனக்கு எப்பவுமே இடுப்பு இருந்ததில்ல" என்றார் குட்டி டீச்சர்.

"எழுந்து திரும்புடி, பார்த்துடலாம்."

பொண்ணுக்கு வழி தெரிந்துவிட்டது. சந்தேகம் வந்தவர்களை எழுப்பிச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். படத்தை முதுகுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கழுத்து, காது, நிற்கும்போது எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறார்கள் என்று மற்றவர்கள் கூச்சல் போட்டுச் சொல்லச் சொல்ல, பென்சிலால் எழுதிக்கொண்டாள். சிப்பாயம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. இறந்துபோனவர்களை அவர்தான் அடையாளம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அறை கொஞ்சம் அமைதியாகிவிட்டு மறுபடி சத்தம் எழும். அண்ணி சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், டீ வேண்டுமா என்று கேட்டார். அவர் கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

கடைசிப் படமும் முடிந்தது. பொண்ணு பென்சிலைக் கீழே வைத்தாள். அண்ணி எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. போனவர் வரவே இல்லை. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார். "வேண்டாம் அண்ணி" என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், படத்தைச் சட்டத்தோடு பாயில் வைத்தார்.

"இது ஒண்ணு தனியா இருந்தது. ஓரத்துல நிக்கிறது எங்க அக்கான்னு நான் நினைச்சிட்டிருக்கேன். நீங்க பார்த்துச் சொல்லணும்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

எல்லாரும் குனிந்தார்கள். தபாலம்மா வாயைத் திறந்தார். அவர் பக்கத்தில் இருந்த சிப்பாயம்மா தன் கையை அவர் தொடையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். தபாலம்மாவின் வாய் அப்படியே மூடியது.

"உங்க அக்காதான்" என்றார் சிப்பாயம்மா. "சந்தேகமே வேண்டாம் கண்ணு."

"ஆமாமா. அவளேதான்" என்றார் தபாலம்மா.

குட்டி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவதான்" என்றார்.

அண்ணி உடைந்துபோய் அழுதார். தபாலம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். பொண்ணு ஓரத்துப் பெண்ணுக்கு நேரே பென்சிலால் அக்கா என்று குறித்துக்கொண்டாள். முழு விவரம் பிறகு எழுதிக்கொள்கிறேன் என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. சாயங்காலம் முழுக்க ஒரு முதுகுக்கு மூன்று பேர் முடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். இந்த முதுகுக்கு மட்டும் எப்படி எல்லாருக்கும் ஒரே குரல்? யாருக்கும் தெரியாமல் அண்ணியைப் பார்த்தேன். அவர் சந்தோஷத்தில் இருந்தார். எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கடவுளே, கவனிக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பொண்ணு படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிப்பாயம்மா கிளம்பவில்லை. பேரன் ஆட்டோ கொண்டுவருவான் என்று உட்கார்ந்தே இருந்தார். வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். எழுந்தவர் எங்களைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தார். கூரையைச் சீக்கிரம் சரிபண்ணுங்கள் என்றார், டீ நன்றாக இருந்தது என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எட்டு பின்னால் வைத்தார். முட்டி வலிக்கிற ஒரு கிழவி பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. வாசற்படி வரைக்கும் அப்படியே போய்விட்டார். அங்கே செருப்பு இருந்தது. செருப்பைத் தேடத் திரும்பித்தானே ஆக வேண்டும். திரும்பினார்.

பின்னல் நரைத்து எலிவாலாகியிருந்தது. உடம்பு கூனியிருந்தது. ஆனால் இடது தோள் அப்படியே இறங்கி இருந்தது.

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டுடுங்க" என்று அவர் காதில் சொன்னேன். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. எழுதியாச்சு. விட்டுடுங்க அண்ணி." சிப்பாயம்மா ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி நினைத்திருந்தால் அந்தச் செருப்பு கிடைக்கும் வரைக்கும் சும்மா இருந்திருக்கலாம். ஆட்டோ போயிருக்கும். அக்கா பீரோவிலிருந்து நூலகத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருப்பார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்றார் அண்ணி.

சிப்பாயம்மா நின்றார். திரும்பவில்லை.

"அது நீங்கதானே?"

"எனக்கு என் முதுகு தெரியாது கண்ணு."

"எனக்குத் தெரியுது."

ஆட்டோ மறுபடி ஹாரன் அடித்தது. சிப்பாயம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. "என் பையன் வந்துட்டான். உங்க அக்கா வரல" என்றார். "என் வீட்டுச் சுவர் பூரா என் மூஞ்சிதான் தொங்குது. ஒரு முதுகு போனா எனக்கு என்ன கெட்டுப்போச்சு? உனக்கு அவ முதுகாவது இருக்கட்டும்னு நினைச்சேன். தப்பா?"

"தப்பில்லம்மா" என்றார் அண்ணி. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டிகள் மேல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பொண்ணைப் பார்த்து, "அழிச்சிடும்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அழிப்பானை எடுத்து மெதுவாகத் தேய்த்து, அந்த இடத்தில் சிப்பாயம்மாவின் பெயரை எழுதினாள். துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தள்ளினாள்.

எனக்குச் சிப்பாயம்மா மேல் கோபம், அந்தச் செருப்பு மேல் கோபம், அண்ணி மேல்தான் ரொம்பக் கோபம். இனி பீரோவைத் திறந்தால் என்ன பார்ப்பார்? இத்தனை வருஷமாக வேறொருத்தியின் முதுகிடம் சொல்லிக்கொண்டு போய்வந்திருக்கிறார். அதை நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணிதான் முதலில் பேசினார். "அப்ப அக்கா அன்னிக்கு வரலையா?"

"வராம என்ன?" என்று சிப்பாயம்மா உள்ளே வந்தார், ஒற்றைச் செருப்போடு. "என் பக்கத்துலதான் நின்னா. இந்த வலது கைப்பக்கம். எனக்கு அடுத்து அவதான் கடைசி. கேட்டுக்கு உள்ள ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைச்சுக்கிட்டே இருந்துச்சு. எங்க தலைவி சத்தமே வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா, நாய்க்கு அது தெரியுமா? உங்க அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியாம என்னை இடிச்சு இடிச்சுச் சிரிச்சா. எனக்கும் தொத்திக்கிச்சு. போட்டோக்காரர் எங்கேயோ பார்த்துக்கிட்டு எடுத்திருக்கார், அவளை விட்டுட்டார்."

"சிரிச்சாளா?" என்றார் அண்ணி.

"குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா."

அண்ணி அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காணாமல் போன அக்கா, படமெல்லாம் கொளுத்தப்பட்ட அக்கா என்றுதான் நானும் கேட்டிருக்கிறேன். ஒரு நாயைப் பார்த்துச் சிரித்த அக்காவை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அண்ணிக்கும் சொன்னதில்லை போலிருக்கிறது. படத்தை எடுத்து அதன் வலது விளிம்பைப் பார்த்தார். விளிம்போடு படம் முடிந்துவிடுகிறது.

"இதை எழுத முடியுமாம்மா?" என்று பொண்ணிடம் கேட்டார். "படத்துக்கு வெளியில நின்னான்னு?"

"படத்துல இல்லாதவங்களை வரிசையில எழுத முடியாதும்மா. ஆனா குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. பக்கத்துல நின்னவங்க சொன்னதா எழுதலாம்" என்றாள். சிப்பாயம்மாவைப் பார்த்தாள். "நீங்க சொன்னதா போடலாமா?"

"போடு. நாயையும் போடு" என்றார் சிப்பாயம்மா.

பொண்ணு எழுதினாள். பென்சில் ஒரு இடத்தில் நின்றது. "அவங்க பேரு?"

இந்த வீட்டில் அந்தப் பெயர் புழங்குவதில்லை. யார் காதிலாவது விழுந்தால் ஆபத்து என்று என் மாமனார் அப்போது சொல்ல விடாமல் வைத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது யார் வாயிலும் வரவில்லை. நான் வந்து இத்தனை வருஷத்தில் பெரியக்கா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. அண்ணி எழுந்து நின்றார். எழுந்து நின்று, வாசலில் இருந்த ஆட்டோவுக்கும் கேட்கிற மாதிரி, பெயரைச் சொன்னார்.

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் ஈரக் கையோடு வந்து நின்றார்.

"அப்பா பேரையும் சேர்த்து எழுதவாம்மா?" என்று பொண்ணு கேட்டாள்.

அண்ணி தம்பியைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுதும்மா" என்றார் அண்ணி. "அவர் பொண்ணுதானே."